வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் வீட்டு விலையைக் கேளுங்கள்



தேர்தல் நேரத்தில் தேக்கா பக்கம் ஒரு நடை போய் வந்தால் போதும், நம்மவர்கள் வேட்பாளரை எப்படி எடைபோடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். 2020இலும் சரி, 2025இலும் சரி, நான் அதிகம் கேட்ட வார்த்தை "நம்ம ஆளா?" என்பதுதான். புக்கிட் பாஞ்சாங் தனித்தொகுதியில் சிங்கப்பூர் ஜனநாயகக் கட்சி சார்பில் டாக்டர் பால் ஆனந்த் தம்பையா நின்றார். தம்பையா என்ற பெயர் காதில் விழுந்ததுமே பாதிப் பேர் முடிவு கட்டிவிட்டார்கள். மீதிப் பேர் "நம்ம ஆளா இருந்து என்ன, எதிர்க்கட்சிதானே" என்று டீயைக் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

அவர் தொற்றுநோய் மருத்துவர், பல்கலைக்கழகப் பேராசிரியர், 2017இல் கட்சியின் தலைவரானவர். 2020 ஜூலை 10ஆம் தேதி, கொவிட் கிருமி ஊரையே முடக்கிப் போட்டிருந்த நேரத்தில் நடந்த தேர்தலில், மக்கள் செயல் கட்சியின் லியாங் எங் ஹுவாவிடம் தோற்றார். ஆனால் 46 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு வாங்கினார். 2025 மே 3ஆம் தேதி அதே தொகுதியில், அதே எதிராளியிடம் மறுபடியும் தோற்றார். இந்த முறை ஏறக்குறைய 39 விழுக்காடுதான். தோற்றவரைப் பற்றி இப்போது ஏன் எழுத வேண்டும் என்று கேட்பீர்கள். 2030ஆம் ஆண்டு முடிவதற்குள் இன்னொரு பொதுத்தேர்தல் வந்தாக வேண்டும். அவரோ வேறொருவரோ, கையில் ஒரு துண்டறிக்கையோடு உங்கள் வாசலில் நிற்பார். அதை எப்படிப் படிப்பது என்று பழகிக்கொள்ள 2020 துண்டறிக்கை நல்ல பாடம்.

அதில் ஐந்து விஷயங்கள் இருந்தன. நாலு "ஆம்", ஒரு "வேண்டாம்". 2021 முடியும்வரை ஜிஎஸ்டி வரியை நிறுத்திவை. வேலை இழந்தவர்களுக்கு உதவித்தொகை கொடு. 65 வயதைத் தாண்டிய முதியவர்களுக்கு மாத வருமானம் கொடு. மக்கள் நலனை முன்னே வை. கடைசியாக, ஒரு கோடி மக்கள்தொகை வேண்டாம். நாலாவதை விட்டுவிடலாம். மக்கள் நலனைப் பின்னே வைப்பேன் என்று எந்தக் கட்சியாவது சொல்லுமா?

வரியைப் பாருங்கள். 2020இல் 7 விழுக்காடாக இருந்தது 2023இல் 8 ஆனது, 2024இல் 9 ஆனது. அரசாங்கம் பற்றுச்சீட்டுகள் கொடுத்து ஈடுகட்டுகிறது, அதை மறைக்கக்கூடாது. ஆனால் பற்றுச்சீட்டு எப்போதாவது வருகிறது, அரிசியும் எண்ணெயும் வாரா வாரம் வாங்குகிறோம். வரியைக் குறைத்தால் மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பணம் எங்கிருந்து வரும் என்று ஆளுங்கட்சி கேட்டது நியாயமான கேள்வி. எதிர்க்கட்சி வேட்பாளர் வாசலுக்கு வந்தால் நீங்களும் அதைக் கேட்க வேண்டும். அவர் கட்சியைச் சேர்ந்தவர் என்பதற்காக யாரையும் சும்மா விடக்கூடாது.

வேலை இழந்தவர்களுக்கான திட்டத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். வேலை போன முதல் ஆறு மாதம் கடைசிச் சம்பளத்தில் 75 விழுக்காடு, அடுத்த ஆறு மாதம் 50, அதற்கடுத்த ஆறு மாதம் 25 விழுக்காடு என்பது அந்தக் கட்சியின் யோசனை. பாதுகாவலராக 2,400 வெள்ளி சம்பாதித்த ஒருவருக்கு முதலில் மாதம் 1,800 வெள்ளி, பிறகு 1,200, பிறகு 600. ஒன்றரை வருடத்தில் 21,600 வெள்ளி. அப்போது இதைக் கனவு என்றவர்கள் உண்டு. 2025 ஏப்ரலில் அரசாங்கமே வேலை தேடுவோருக்கான ஓர் உதவித் திட்டத்தைத் தொடங்கியது. மாதம் 5,000 வெள்ளி அல்லது அதற்குக் கீழே சம்பாதித்து, தன் விருப்பமில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் அதிகபட்சம் 6,000 வெள்ளி. வேலை தேடியதற்கும் பயிற்சிக்குப் போனதற்கும் கணக்குக் காட்ட வேண்டும். தொகை சிறியது, நிபந்தனை கூடுதல். ஆனாலும் கொடுக்கவே கூடாது என்ற பேச்சு இப்போது இல்லை. எவ்வளவு, எத்தனை மாதம் என்பதுதான் பேச்சு. தோற்ற வேட்பாளரின் துண்டறிக்கையைக் குப்பையில் போடாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

மூன்றாவது கோரிக்கை நம் வீட்டுப் பாட்டிமார்களுக்கானது என்றே சொல்வேன். வாழ்நாள் முழுக்கச் சமைத்து, பிள்ளை வளர்த்து, பேரப்பிள்ளையையும் தூக்கிச் சுமந்த அம்மாவின் சேமநிதிக் கணக்கில் என்ன இருக்கும்? சம்பளச்சீட்டு இல்லாத உழைப்புக்குச் சேமநிதி இல்லை. மாதம் 500 வெள்ளி என்றது ஜனநாயகக் கட்சி. மூன்று மாதத்துக்கு 1,500 ஆகிறது. அரசாங்கத்தின் சில்வர் சப்போர்ட் திட்டம் 2025 முதல் மூன்று மாதத்துக்கு அதிகபட்சம் 1,080 வெள்ளி கொடுக்கிறது. வீட்டின் அளவையும் குடும்ப வருமானத்தையும் பார்த்துத் தொகை குறையும்.

ஐந்தாவதில்தான் எனக்குக் கொஞ்சம் நெருடல். ஒரு கோடி என்று இலக்கு எதுவும் இல்லை என அரசாங்கம் அந்தத் தேர்தலிலேயே மறுத்தது. 2013இல் வந்த மக்கள்தொகை வெள்ளை அறிக்கை பேசியது 2030க்குள் 69 இலட்சம் வரை போகலாம் என்பதைத்தான். அந்த எண்ணிக்கையே போதும், மூச்சு முட்டுகிறது என்பவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் "வெளியாள் வேண்டாம்" என்ற பேச்சு சூடேறும்போது முதல் அடி யார் மேல் விழுகிறது? 2021 மே மாதம் சுவா சூ காங்கில் வேகநடை போய்க்கொண்டிருந்த 55 வயது இந்திய மாது ஒருவர் இன வசவு கேட்டார், நெஞ்சில் உதையும் வாங்கினார். அவர் சிங்கப்பூரர். உதைப்பவன் அடையாள அட்டையைக் கேட்டுவிட்டு உதைப்பதில்லை. தம்பையாமீது இந்தப் பழியைப் போடவில்லை. ஆனால் மக்கள்தொகையைப் பற்றிப் பேசுகிற எந்த வேட்பாளரும், நம் தோலின் நிறத்தில் இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சால் என்ன வரும் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும்.

இனி, அந்தத் துண்டறிக்கையில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன். வீவக வீடுகளின் இன ஒதுக்கீடு. 1989இல் இதைக் கொண்டுவந்த தேசிய வளர்ச்சி அமைச்சர் யார் தெரியுமா? எஸ். தனபாலன். நம்ம ஆளேதான்!

நோக்கம் நல்லது. ஒரே இனத்தார் ஒரே இடத்தில் குவிந்துவிடக் கூடாது. 1964 கலவரத்தைப் பார்த்த தலைமுறைக்கு அந்தப் பயம் பொய்யில்லை. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 என்று உச்ச வரம்பு. பார்த்தால் எல்லோருக்கும் ஒரே சட்டம் போலத்தான் தெரியும். விற்கப் போகும்போதுதான் கணக்கு இடிக்கும்.

உங்கள் புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் தமிழர், வீட்டை விற்க வேண்டும். சீனருக்கு விற்க முடியாது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்குள்ள குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் சீனர் ஏறக்குறைய 74 விழுக்காடு, இந்தியர் 9 விழுக்காடு. நாலில் மூன்று பேருக்கு உங்கள் வாசலே மூடியிருக்கிறது. அதே மாடியில் இருக்கும் சீனக் குடும்பம் தன் வீட்டைச் சீனருக்கே விற்கலாம். அதே அளவு, அதே வெயில், அதே மின்தூக்கி. ஆனால் உங்கள் வீடு மாதக்கணக்கில் காத்திருக்கும், கடைசியில் விலையைக் குறைத்தால்தான் போகும். குறைகிற அந்தப் பணம் உங்கள் பிள்ளையின் படிப்புக்கோ உங்கள் முதுமைக்கோ வைத்திருந்த பணம்.

இதை யாரும் பேசவில்லை என்று சொல்ல முடியாது. 2006 தேர்தலுக்கு முன் பாட்டாளிக் கட்சி இந்த ஒதுக்கீட்டை நீக்க வேண்டும் என்று தன் கொள்கை அறிக்கையிலேயே எழுதியது. ஆளுங்கட்சி அமைச்சர்கள் அதை "நேர வெடிகுண்டு" என்றார்கள். 2022 மார்ச்சில்தான், எவ்வளவு முயன்றும் விற்க முடியாத இப்படிப்பட்டவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. 33 வருடம் கழித்து!

ஒதுக்கீட்டை அடியோடு எடுக்க வேண்டும் என்று நான் இங்கே வாதாடவில்லை. எடுத்தால் நம் பிள்ளைகள் நாலு இனத்தோடும் ஒரே மின்தூக்கியில் ஏறுவது குறைந்துபோகுமோ என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் நல்லிணக்கம் நாடு முழுவதற்கும் நன்மை என்றால், அதற்கான செலவு விற்கப் போன சிறுபான்மைக் குடும்பத்தின் பையிலிருந்து மட்டும் ஏன் போக வேண்டும்? விலையில் விழும் துண்டை அரசாங்கம் ஈடுகட்டட்டும். ஜிஎஸ்டி ஈட்டுக்குப் பற்றுச்சீட்டு கொடுக்க முடிகிறது, இதற்கு முடியாதா?

ஆகவே உறவுகளே, அடுத்த முறை கதவு தட்டப்படும்போது, வெள்ளைச் சட்டையோ சிவப்புச் சட்டையோ நீலச் சட்டையோ, தமிழ்ப் பெயரோ சீனப் பெயரோ, உள்ளே கூப்பிட்டு உட்கார வையுங்கள். வரி, வேலை, முதியோர் எல்லாம் அவர் சொல்லி முடிக்கட்டும். பிறகு இதைக் கேளுங்கள்: "இந்த புளோக்கில் சீனர் வரம்பு நிரம்பிவிட்டால், பக்கத்து வீட்டுக்காரர் விற்கும் விலைக்கு நான் என் வீட்டை விற்க முடியுமா? முடியாது என்றால், அந்த வித்தியாசத்தை யார் தருவார்கள்?" பதிலை ஒரு தாளில் எழுதி வையுங்கள், தேதியோடு.