மாலைப் பாடமும் குழந்தையின் பிணக்கும்

பள்ளியிலே பகல் முழுவதும் அடங்கியிருந்து வீடு திரும்பிய குழந்தையை, முகங்கழுவியதும் கழுவாததுமாக இழுத்து உட்காரவைத்து, 'வாசி, வாசி' என்று அதட்டுகிற பெற்றோர், அது புத்தகத்தைக் கண்டதுமே தாகமென்றும் வயிற்றுவலியென்றும் சாக்குச் சொல்லுவதைப் பிடிவாதமென்று கருதுவது பெரும் அநியாயம். 'கொக்கு' என்னும் சின்னஞ்சிறு பதத்தை வாசிக்கையிலே, முதலில் கண்ணிற்படும் ஒற்றைக்கொம்பை நிறுத்திவைத்து, அடுத்த ககரத்தைப் பற்றி, அதன் பின்னிருக்கும் காலையும் சேர்த்து, மூன்றையும் ஒரே ஓசையாக்குவது ஆறு வயதுப் பிள்ளைக்கு அற்ப காரியமன்று. அதற்குள் நாம் பொறுமையிழந்து விடையை எடுத்துக்கொடுத்துவிடுகிறோம், போதாக்குறைக்கு அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிரதாபத்தையும் பாடுகிறோம். ஒரு வரி நாம், ஒரு வரி குழந்தை என்று மாறிமாறி வாசிப்பதும், எந்தப் புத்தகமென்பதை அதன் இஷ்டத்துக்கே விட்டுவிடுவதும், பிழையை வரி முடியும்வரை பொறுத்துத் திருத்துவதும் உத்தமமான உபாயங்கள். 1947-இல் தோன்றிய அம்புலிமாமா என்னும் சிறுவர் பத்திரிகையைப் பிள்ளைகள் ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிடுங்கிப் படித்ததற்கு எந்த வாத்தியாரும் பிரம்பெடுக்க வேண்டியிருக்கவில்லை. அதன் கதைகளில் வந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும் அந்த வேலையைச் செவ்வனே பார்த்துக்கொண்டார்கள். பத்து நிமிஷம் முகங்கோணாமல் வாசித்துவிட்டால் அன்றைக்கு அது போதும். புத்தகத்தை மூடிவிட்டுக் குழந்தையை விளையாட அனுப்புங்கள்.