வைகோ: எங்கே தவறியது கணக்கு?

தமிழ்நாட்டு அரசியல்வாதிகளில் அதிகம் பாராட்டப்பட்டவர், அதே அளவுக்குக் கேலியும் செய்யப்பட்டவர் யார் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம்... வைகோ. டீக்கடையிலும் சரி, பஸ்ஸிலும் சரி, பேச்சு இப்படித்தான் ஆரம்பிக்கும்: "நல்ல மனுஷன்தான், ஆனா..." அந்த 'ஆனா'வுக்கு அப்புறம் வருகிற கதை அரை மணி நேரம் ஓடும். அந்த 'ஆனா'வுக்குள் என்னதான் இருக்கிறது என்று கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

1944-ல் கலிங்கப்பட்டியில் பிறந்த வை. கோபால்சாமி, சட்டம் படித்து, தி.மு.க.வில் வளர்ந்து, நெருக்கடி நிலைக் காலத்தில் மிசாவில் சிறைக்குப் போனவர். 1978-ல் மாநிலங்களவைக்குப் போனார். தொடர்ந்து மூன்று முறை, 18 வருடம் அங்கே இருந்தார். தமிழிலும் ஆங்கிலத்திலும் மணிக்கணக்கில் பேசக்கூடியவர். கட்சிக் கூட்டம் என்றால் கலைஞருக்கு அடுத்தபடியாக இவர் பேச்சைக் கேட்கத்தான் கூட்டம் கூடியது.

முதல் பெரிய சர்ச்சை 1989 பிப்ரவரியில். தலைமைக்குக்கூடச் சொல்லாமல் கள்ளத்தோணியில் இலங்கைக்குப் போய் பிரபாகரனைச் சந்தித்துவிட்டு வந்தார். அப்போதுதான் தி.மு.க. 13 வருடத்துக்குப் பிறகு ஆட்சியைப் பிடித்திருந்தது. கட்சிக்கு இது பெரிய தர்மசங்கடம். ஆனால் இளைஞர்கள் மத்தியில் அவர் மதிப்பு எங்கோ போய்விட்டது. ஒரு கட்சியில் இரண்டாம் நிலைத் தலைவர் ஒருவருக்கு இப்படித் தனியாகக் கூட்டம் சேர்ந்தால் என்ன ஆகும்? அதுதான் ஆனது. தன்னைத் தீர்த்துக்கட்டப் புலிகள் திட்டமிடுகிறார்கள், அது வைகோவின் வளர்ச்சிக்காக என்ற குற்றச்சாட்டோடு 1993-ல் கலைஞர் அவரைக் கட்சியிலிருந்து வெளியேற்றினார். ஸ்டாலினுக்கு வழி விடத்தான் இந்த வேலை என்றார்கள் வைகோவின் ஆதரவாளர்கள். அந்த நீக்கத்தைக் கண்டித்து ஐந்து தொண்டர்கள் தீக்குளித்து இறந்தார்கள்.

இந்த ஐந்து பேரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இவர்களிடம் திரும்பி வர வேண்டியிருக்கும்.

1994 மே மாதம் ம.தி.மு.க. பிறந்தது. வாரிசு அரசியலுக்கு எதிர்ப்பு, ஊழல் எதிர்ப்பு, ஈழ ஆதரவு. சுருக்கமாகச் சொன்னால் 'உண்மையான தி.மு.க. நாங்கள்தான்' என்பதே கொள்கை. 1996 தேர்தலில் ஜெயலலிதா மீது மக்களுக்கு அவ்வளவு கோபம். அந்தக் கோபத்தின் பலன் தனக்குத்தான் என்று வைகோ நினைத்தார். ஆனால் மூப்பனார் காங்கிரசை விட்டு வெளியே வந்து, கலைஞரோடு கைகோத்து, ரஜினியும் ஆதரவு கொடுக்க, அலை முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. ம.தி.மு.க. வாங்கிய ஓட்டு 6 சதவீதத்தை ஒட்டி. ஜெயித்த சீட்டு? பூஜ்யம்! விளாத்திகுளத்தில் வைகோவே சில நூறு ஓட்டில் தோற்றார். சிவகாசி நாடாளுமன்றத் தொகுதியிலும் தோல்வி.

இங்கேதான் கணக்குப் பாடம் ஆரம்பிக்கிறது. நம்முடைய தேர்தல் முறையில் 6 சதவீத ஓட்டுக்கு 6 சதவீத சீட்டு கிடைக்காது. தொகுதியில் முதலில் வருகிறவருக்குத்தான் எல்லாமே. பா.ம.க. மாதிரி ஓட்டு ஒரே பகுதியில் குவிந்திருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ம.தி.மு.க.வின் ஓட்டு மாநிலம் முழுக்க, எள்ளை இறைத்த மாதிரி சிதறிக் கிடந்தது. பத்து வருடம் கழித்து 2006-ல், கூட்டணியில் 35 தொகுதியில் மட்டும் நின்றபோதும் அதே 6 சதவீதத்தை ஒட்டித்தான் வாங்கினார்கள். ஆனால் 6 எம்.எல்.ஏ.க்கள் கிடைத்தார்கள். அதே சதவீதம், வேறு விடை. பெரிய கட்சி ஒன்றின் ஓட்டு வந்து சேர்ந்தால்தான் தன் ஓட்டுக்கே மதிப்பு என்பது சின்னக் கட்சிகளின் தலையெழுத்து.

ஆக, வைகோ கூட்டணி வைத்ததே தப்பு என்று சொல்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள். பிரச்சனை கூட்டணி வைத்ததில் இல்லை.

வரிசையாகப் பாருங்கள். 1998-ல் ஜெயலலிதா, பா.ஜ.க.வோடு கூட்டணி. சிவகாசியில் வெற்றி. 1999-ல் ஜெயலலிதா வாஜ்பாய் ஆட்சியைக் கவிழ்த்தபோது வைகோ வாஜ்பாயோடு நின்றார். அடுத்து அதே கூட்டணிக்குக் கலைஞர் வந்தார். துரத்திவிட்டவரும் துரத்தப்பட்டவரும் ஆறே வருடத்தில் ஒரே அணி! ம.தி.மு.க.வுக்கு மத்தியில் இரண்டு அமைச்சர்கள். வைகோ தனக்கென்று பதவி எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். 2001-ல் தொகுதிப் பங்கீட்டில் தகராறு, தனித்துப் போட்டி, மறுபடியும் பூஜ்யம்.

2002 மார்ச்சில் பொடா சட்டம் நாடாளுமன்றக் கூட்டுக் கூட்டத்தில் நிறைவேறியது. ஆளும் கூட்டணியில் இருந்த ம.தி.மு.க. அதை ஆதரித்தது. நான்கே மாதத்தில், ஜூலை 11 அன்று, அதே பொடாவில் வைகோ கைது! திருமங்கலம் கூட்டத்தில் புலிகளை ஆதரித்துப் பேசினார் என்று ஜெயலலிதா அரசு பிடித்து வேலூர் சிறையில் போட்டது. 19 மாதம் உள்ளே இருந்தார். நீண்ட நாள் ஜாமீனே கேட்கவில்லை. தடை செய்யப்பட்ட இயக்கத்துக்கு வெறும் தார்மீக ஆதரவு சொல்வது மட்டுமே குற்றமாகாது என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் விளக்கம் சொன்னது. 2004 பிப்ரவரியில் வெளியே வந்தபோது அவர் வெறும் ம.தி.மு.க. தலைவர் இல்லை. பேச்சுரிமைக்காகச் சிறை இருந்த மனிதர். தன் வாழ்க்கையில் மிக உயரமான இடத்தில் அவர் நின்றது அப்போதுதான். அந்த வருடத் தேர்தலில் தி.மு.க. கூட்டணியில் போட்டியிட்ட நான்கு இடத்திலும் ஜெயித்தார்கள்.

வணிகவியல் படிக்கிற யாருக்கும் 'நற்பெயர்' என்ற சமாச்சாரம் தெரிந்திருக்கும். கட்டடம், இயந்திரம் மாதிரி அது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடையை விற்கும்போது அதற்கும் சேர்த்துத்தான் விலை பேசுவார்கள். அந்த 19 மாதத்தில் வைகோ சேர்த்தது அதுதான்.

அதை 2006-ல் செலவழித்தார். தி.மு.க. கொடுக்க முன்வந்த இடங்கள் போதவில்லை. ஜெயலலிதா 35 கொடுத்தார். போயஸ் தோட்டத்துக்குப் போய் பூங்கொத்து கொடுத்தாகிவிட்டது. தன்னைச் சிறையில் போட்டவரோடு! இது துரோகமா? தி.மு.க.காரர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவரைக் கட்சியை விட்டுத் துரத்தியவர்கள் அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம். அரசியலில் நிரந்தர எதிரி இல்லை என்று ஒரு சமாதானம் உண்டு. மற்றவர்களுக்கு அது பொருந்தும். டாக்டர் ராமதாஸ் 1998-லிருந்து மாறி மாறி எத்தனை பக்கம் போனார்? யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவரிடம் யாரும் அதை எதிர்பார்க்கவில்லை. வைகோ மேடைக்கு மேடை கொள்கை, தியாகம், மானம் என்று பேசியவர். உயரத்திலிருந்து விழுந்தால் அடி பலமாகத்தானே படும்?

அதற்குப் பிறகு இறங்குமுகம்தான். 2009-ல் விருதுநகரில் தோல்வி. 2011-ல் ஜெயலலிதா கொடுத்த இடங்கள் அவமானம் என்று தேர்தலையே புறக்கணித்தார். அந்த முடிவில் ஒரு ரோஷம் இருந்தது, உண்மை. ஆனால் ரோஷம் வர ஐந்து வருடம் ஏன் ஆனது? 2014-ல் மோடி அணி, ஏழு தொகுதியிலும் தோல்வி. மோடி பதவியேற்புக்கு ராஜபக்சே வருகிறார் என்றதும் டெல்லியிலேயே கருப்புக் கொடி பிடித்துக் கைதானார். கூட்டணியில் இருந்துகொண்டே இப்படிச் செய்ய எத்தனை பேருக்குத் தைரியம் வரும்? அந்த வருடக் கடைசியில் அணியை விட்டும் வெளியேறினார். ஈழ விஷயத்தில் மட்டும் அவர் கடைசிவரை விலை பேசவில்லை என்று அடித்துச் சொல்லலாம்.

2016... மக்கள் நலக் கூட்டணி. வேண்டாம், அதை விரிவாகச் சொன்னால் மீம்ஸ் போட்டவர்களுக்குத்தான் சந்தோஷம். விஜயகாந்தை முதல்வர் வேட்பாளராக்கி, கோவில்பட்டியில் தான் நிற்பதாக அறிவித்து, கடைசி நேரத்தில் விலகி, மொத்தக் கூட்டணிக்கும் ஒரு சீட்டுகூட இல்லாமல் முடிந்தது. அதே பிரச்சாரத்தின்போது கலைஞரைப் பற்றிச் சாதி தொனிக்கப் பேசி, பிறகு மன்னிப்பும் கேட்டார். பெரியார் பெயரைச் சொல்லி வளர்ந்தவர் வாயிலிருந்து வந்திருக்கக்கூடாத பேச்சு. உடனே மன்னிப்புக் கேட்டதை மட்டும் கணக்கில் வைக்கலாம்.

பிறகு மறுபடியும் தி.மு.க. 2009-ல் ஒரு புத்தக வெளியீட்டு விழாவில் பேசியதற்காக அன்றைய தி.மு.க. அரசு போட்ட தேசத்துரோக வழக்கில், 2019 ஜூலை 5 அன்று அவருக்கு ஒரு வருட சிறைத்தண்டனை. தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டது. அதே மாதம், அதே தி.மு.க.வின் ஆதரவோடு மாநிலங்களவை உறுப்பினர்! இப்படி ஒரு திருப்பத்தைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டார்கள். 2021-ல் அவர் கட்சி ஆறு தொகுதியில் நின்று நான்கில் ஜெயித்தது. சின்னம் பம்பரம் இல்லை, உதயசூரியன். எதிர்த்துக் கட்சி ஆரம்பித்த சின்னத்திலேயே ஓட்டுக் கேட்க வேண்டிய நிலை.

இவ்வளவும் செலவுப் பக்கம். வரவுப் பக்கத்தையும் எழுதாவிட்டால் அது நேர்மையான கணக்கு ஆகாது.

ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக 1990-களிலிருந்து போராடியவர்களில் முக்கியமானவர் வைகோ. நீதிமன்றத்தில் தானே வாதாடினார். 2010 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது. 2013-ல் உச்ச நீதிமன்றம் 100 கோடி ரூபாய் இழப்பீடு கட்டச் சொல்லிவிட்டு ஆலையை நடத்த அனுமதித்தது. 2018-ல் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த பிறகு ஊர் முழுக்கப் பேசிய விஷயத்தை, ஓட்டு எதுவும் கிடைக்காத காலத்திலேயே அவர் பேசினார். சீமைக்கருவேல மரங்களை அகற்றக் கேட்டு மதுரைக் கிளையில் கருப்பு அங்கி போட்டு வாதாடினார். மதுவிலக்குக்காக வெயிலில் நடையாய் நடந்தார். 2015-ல் கலிங்கப்பட்டியில் டாஸ்மாக் கடையை மூடச் சொன்ன போராட்டத்துக்கு, தொண்ணூறு வயதைத் தாண்டிய அவருடைய தாயார் மாரியம்மாளே வந்து உட்கார்ந்தார். இதில் எது தேர்தலுக்காகச் செய்தது? சொல்லப்போனால், தேர்தல் இல்லாத நாட்களில்தான் வைகோ பெரிய தலைவர். தேர்தல் தேதி அறிவித்த அன்று அவர் சாதாரண அரசியல்வாதி ஆகிவிடுவார்.

இரண்டையும் கூட்டிக் கழித்தால் தப்பித்துவிடுவார் என்றுதான் தோன்றும். ஆனால் ஒரு பதிவு மிச்சம் இருக்கிறது. 2021 அக்டோபரில் மகன் துரை வைகோவுக்குக் கட்சியில் தலைமைக் கழகப் பொறுப்பு. ரகசிய வாக்கெடுப்பு நடத்தித்தான் கொடுத்தார்கள். தான் விரும்பவில்லை, தொண்டர்கள்தான் கேட்டார்கள் என்பது வைகோவின் விளக்கம். துரையும் 2024-ல் திருச்சியில் தீப்பெட்டிச் சின்னத்தில் நின்று 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். திறமையானவராகவே இருக்கட்டும். ஸ்டாலினும் பல வருடம் உழைத்துத்தான் மேலே வந்தார். அப்படியானால் 1993-ல் போட்ட சண்டை எதற்கு? 2025-ல், மகனோடு முரண்பட்ட, பல வருடம் கூடவே இருந்த துணைப் பொதுச்செயலாளர் மல்லை சத்யாவைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். 1993-ல் நடந்த காட்சியேதான். இந்த முறை நீக்குகிறவர் நாற்காலியில் வைகோ.

அந்த ஐந்து பேரிடம் வருவோம். அவர்கள் உயிரை விட்டது ஒரு நியாயத்துக்காக. ஒரு கட்சி ஒரு குடும்பத்தின் சொத்து இல்லை என்ற நியாயம். கூட்டணி மாறியதை மன்னிக்கலாம், அது தேர்தல் முறையின் கட்டாயம். வாய் தவறியதை மன்னிக்கலாம், அவரே மன்னிப்புக் கேட்டார். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் வைகோவுக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. யாரும் சீட்டுக் குறைத்து மிரட்டவில்லை. முழுக்க முழுக்க அவர் கையில் இருந்த முடிவு அது. மகனை அருகில் உட்காரவைத்து, "உனக்கு இது வேண்டாம்ப்பா" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். மற்ற எல்லாத் தோல்விகளுக்கும் அந்த ஒரு வார்த்தை ஈடு கட்டியிருக்கும்.

வருடா வருடம் அந்த ஐந்து பேர் படத்துக்கும் மாலை போடுகிறார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நிற்கிறபோது வைகோ என்ன நினைப்பார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் நாளைக்கு இன்னொரு தலைவர் மேடையில் நின்று கண் சிவக்கக் கொள்கை பேசும்போது, கீழே நிற்கிற இருபது வயசுப் பையன் ஒருவன் உடம்பில் மண்ணெண்ணெயை ஊற்றிக்கொள்வதற்கு முன்னால் இந்தக் கதையை ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். அதற்காகவாவது இதைச் சொல்லிக்கொண்டே இருக்கலாம்.