எலிஸபெத் விரிகுடா மாளிகை

ஸ்காட்லாந்தை விட்டுக் கடல் கடந்து சென்று குபேரர்களானவர்களின் சரித்திரங்களை நேயர்கள் பல படித்திருக்கலாம். குபேர வாழ்விலிருந்து சரிந்தவர்களைப் பற்றி அவ்வளவாக எவரும் எழுதுவதில்லை. அவர்களுள் ஒருவர் அலெக்ஸாண்டர் மக்லே.

1826-ஆம் ஆண்டு, அறுபதை நெருங்கும் வயதில், மனைவியுடனும் ஆறு குமாரத்திகளுடனும் அவர் ஸிட்னி துறைமுகத்தில் வந்திறங்கினார். நியூ ஸவுத் வேல்ஸ் காலனியின் காரியதரிசிப் பதவி. ஆண்டுக்கு 2,000 பவுன் சம்பளம். லண்டன் லின்னேயன் சங்கத்திற்கு 27 ஆண்டுகள் காரியதரிசியாக இருந்த பண்டிதர் அவர். அவர் சேர்த்திருந்த பூச்சிகளின் தொகுதி, தனி மனிதர் சேர்த்தவற்றுள் உலகிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று.

அதே ஆண்டு கவர்னர் டார்லிங், கடலோரத்தில் 54 ஏக்கர் நிலத்தை அவருக்கு வழங்கினார். அந்த நிலத்திற்கு முன்பே ஒரு வரலாறு உண்டு. கவர்னர் மக்வாரி, அத்தேசத்துப் பூர்வகுடிகள் மீன் பிடித்துப் பிழைக்கும் பொருட்டு அவ்விடத்தை ஒதுக்கி, தம் மனைவி எலிஸபெத்தின் பெயரையும் சூட்டியிருந்தார். அவர்களுடைய நிலத்தில் ஒரு துண்டை அவர்களுக்கே தானமாகக் கொடுத்து, பின்னர் அதையும் பிடுங்கிக்கொண்டது ஸர்க்கார்! இந்த வெளியேற்றத்தைப் பற்றி மக்லே துரைக்கு உறுத்தல் இருந்ததாகத் தெரியவில்லை.

1835-இல் மாளிகை எழும்பத் தொடங்கிற்று. நீள்வட்ட வடிவான நடுக்கூடமும் அதன் மேல் குவிமாடமும், வெளியே அரிய செடிகள் நிறைந்த தோட்டமுமாக, அது ஸிட்னியின் பெருமையாயிற்று. எல்லாம் கடன். 1837-இல் கவர்னர் பர்க், மக்லேயை விலக்கித் தம் சொந்த மருமகப்பிள்ளையை அப்பதவியில் அமர்த்தினார். பந்துக்களின் பிரீதி வெள்ளையரிடமும் உண்டு போலும்! அடுத்து 1840-களில் கம்பளி விலையும் நில விலையும் வீழ்ந்தன. வீட்டைச் சுற்றி நிறுத்த எண்ணிய தூண் வரிசை கட்டப்படாமலே நின்றுவிட்டது.

கடன்காரர்களில் மூத்த குமாரர் வில்லியமும் ஒருவர்! 1843-இல் சட்டசபையின் முதல் சபாநாயகராகி வெளியே கௌரவம் பெற்ற கிழவரை, 1845-இல் சொந்த மகனே வீட்டை விட்டு வெளியேற்றி, மாளிகையைத் தாம் எடுத்துக்கொண்டார். புஸ்தகங்கள் ஏலத்திற்குப் போயின. 1848-இல் மக்லே காலமானார். பிரம்மசாரியான வில்லியம், 1865-இல் இறக்கும் வரை, தந்தையின் பூச்சிகளோடு அங்கேயே வாழ்ந்தார்.

அந்தத் தொகுதி பின்னர் ஸிட்னி சர்வகலாசாலைக்குச் சேர்ந்தது. மாளிகை இன்று காட்சிச்சாலை.