கன்னடம் காதால் வரும், கண்ணால் வராது

நீலசந்திராவில் நம்மவர் வீட்டு அலமாரியில் எல்லாம் 'தமிழ் வழி கன்னடம்' புத்தகம் ஒன்று தூங்குகிறது. எடைக்குப் போட்டுவிடுங்கள் ஐயா! தமிழில் க ஒன்று, கன்னடத்தில் நாலு. 'தெரியும்' என்பதற்குப் புத்தகம் 'கொத்து' என்கிறது; பரோட்டாதான் ஞாபகம் வரும். சொல்ல வேண்டியதோ 'சங்கு'வில் ஒலிக்கும் க. 'வேண்டும்' என்றால் 'பேக்கு'வாம். (நம்மூரில் அதற்கு அர்த்தமே வேறு, ஹி ஹி.) அதன் முதல் ஒலி 'கம்பு'வில் வரும் ப. இதை எந்த அச்சு சொல்லித்தரும்?

காதைத் திறங்கள். ஆகாசவாணி ரெயின்போ 101.3 இருக்கிறது; செல்போனில் ஒலிப்பாடம் இருக்கிறது. பால் ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, போ ஹோகு என்று சொல்லின் முதலில் வரும் நம் ப அங்கே ஹ ஆவது நாலு நாளில் பிடிபட்டுவிடும். ஆனால் இயர்போனை மாட்டிக்கொண்டு வாயை மூடியிருந்தால் அது வெறும் பாட்டுக் கச்சேரி. நிறுத்தி நிறுத்தி, உரக்கத் திருப்பிச் சொல்லணும். பிள்ளைகள் சிரிக்கும், சிரிக்கட்டும்.

'இங்கே எல்லாருக்கும் தமிழ் தெரியுமே' என்பவர்களுக்கு: வங்கி கவுண்ட்டருக்குப் பென்ஷன் கேட்டு வரும் மண்டியா அஜ்ஜிக்குத் தெரியாது. இருபது வருஷம் இந்த ஊர்ச் சம்பளம் வாங்கிவிட்டு அவரிடம் 'கன்னட கொத்தில்ல' என்று, அதையும் தப்பாகச் சொல்லி, கையை விரிக்கிறோமே!