தாமதத்தை அளத்தல்

புரோகிராம் மெதுவாய் ஓடுகின்றதெனின், வேகமிக்க வேறொரு கணினி வேண்டுமென்பதே நம் மாணாக்கர் பலர் கூறும் விடை. இதனை யாம் ஒப்புக்கொள்ளோம். தாமதம் எங்கே நேர்கின்றதென முதலில் அளத்தல் வேண்டும்.

வேண்டிய தரவு, கேஷ் எனப்படும் அருகிலுள்ள சிறு நினைவகத்தில் இருப்பின் பிராசஸருக்கு அது நான்கைந்து கடிகாரத் துடிப்புகளிற் கிட்டும். அங்கில்லாது பிரதான நினைவகம்வரை செல்ல நேரின் நூற்றுக்கணக்கான துடிப்புகள் கழியும். இக்கிடையாமையே கேஷ் மிஸ் என்பது.

சி மொழியில், 4,096 நிரைகளும் அத்தனை நிரல்களுமுடைய அணியொன்றைக் கூட்டுவதாகக் கொள்வோம். எண்ணொன்றுக்கு 8 பைட். நிரை நிரையாய்ச் சென்றால், ஒருமுறை கொணரப்படும் 64 பைட்டில் எட்டெண்களும் பயன்படும். நிரல் நிரலாய்ச் சென்றாலோ ஒன்றே பயன்படும். ஏனைய ஏழும் தம் முறை வருமுன்னரே கேஷிலிருந்து வெளியேற்றப்படும். கூட்டல்களின் தொகை இரண்டினும் ஒன்றே! தாளிற் போடும் கணக்கு இவ்வேற்றுமையைக் காட்டாது. லினக்ஸில் 2009 முதல் உள்ள பெர்ஃப் என்னும் கருவி காட்டும். பிராசஸருக்குள் அமைந்த எண்ணிகளை வாசித்து, மிஸ் எத்தனை, புரோகிராமின் எவ்வரியில் மிகுதி என அது உரைக்கும். (சிலவேளை அடுத்த வரியைச் சுட்டிவிடும், அண்டை வரிகளையும் நோக்குக.)

விழுக்காடு குறைந்ததென்று மட்டும் மகிழ்தலாகாது. வீண் வாசிப்புகளைப் பெருக்கினாலும் விழுக்காடு குறையுமன்றோ? மிஸ்களின் தொகையையும் ஓடிய காலத்தையும் உடன்வைத்தே தீர்ப்புச் செய்தல் வேண்டும்.

ஸ்குரூகேஜால் அளவாது கம்பியின் தடிப்பை எழுதும் மாணவனைப் பௌதிக ஆசிரியர் பொறுப்பரோ? புரோகிராம் எழுதுவோர்க்கு மட்டும் அச்சலுகை ஏன்? அவர்தம் செய்முறையேட்டில் இவ்வெண்களுக்கும் ஒரு பத்தி ஒதுக்குமாறு ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.