கீரைக்கட்டும் வாடிக்கையும்

இரத்தினபுரி, எட்டியாந்தோட்டைப் பகுதித் தோட்டங்களில் லயத்தையொட்டிக் கீரை பயிரிடும் குடும்பங்கள் பல. வல்லாரையைச் சிங்கள மக்கள் கொட்டுகொல என்பர். சம்பலுக்கும் இலைக்கஞ்சிக்கும் அது உகந்தது. ஆதலின் நகரத்துச் சோற்றுக்கடைகளுக்கு நாள்தோறும் வேண்டிய பண்டமாகும்.

விலையைக் குறைத்தால் வாடிக்கை நிலைக்கும் என்பது பிழையான எண்ணம். கட்டின் நடுவே பழுத்த இலையைச் செருகுவோரும் உளர். மிஞ்சுவது நாலைந்து இலை, போவது ஆண்டு முழுவதும் வாங்கக்கூடிய கடை. மழை மிகுந்த இப்பிரதேசத்தில் இலைகளில் சேறு தெறிப்பது இயல்பு. மாலையில் பறித்து, குடிக்கத்தக்க நீரில் அலசி, வடியவிட்டு, சுத்தமான ஈரத்துணியில் பொதிந்து, விடியுமுன் சேர்ப்பித்தல் வேண்டும். கட்டின் அளவும் மாறலாகாது. கீரை குறையுமாயின் முந்திய நாளே அறிவித்தால், கடைக்காரர் அன்றைக்கு மட்டும் வேறிடத்தில் வாங்கிக்கொள்வார்.