விண்டோஸ் பத்தா, பதினொன்றா? அவசரமும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம்



நம் கடைத்தெருவில் உளுந்து, துவரை நிலவரத்துக்கு அடுத்தபடியாக இப்போது விசாரிக்கப்படும் சங்கதி கம்ப்யூட்டர்தான். "அண்ணாச்சி, உங்க கடையில பதினொண்ணு போட்டாச்சா?" என்று கேட்காதவர் இல்லை. ஒரு சாரார், "பழையது நன்றாகத்தானே ஓடுகிறது, எதற்கு வீண் செலவு?" என்கிறார்கள். மற்றொரு சாரார், விற்பவர் பேச்சைக் கேட்டு இருந்த மெஷின்களை எல்லாம் ஓரம் கட்டிவிட்டுப் புதிதாக வாங்கிவிட்டார்கள். இரண்டும் வியாபாரிக்கு அழகல்ல என்பது எங்கள் தாழ்மையான அபிப்பிராயம். பட்டுத் தெரிந்ததையும், விசாரித்துத் தெரிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

விஷயம் இதுதான். விண்டோஸ் 10 என்பது 2015 ஜூலை மாதம் வந்தது. நம்மில் பலருடைய கடையில் பில் போடுவதும், டாலி ஓடுவதும், ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போவதும் அதில்தான். அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு மைக்ரோசாப்ட் கம்பெனி நிறுத்திவிட்டது. அந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20. அதாவது சரியாக ஆறு நாள் முன்னால். சிவகாசி, சாத்தூர், திருத்தங்கல் பக்கம் பட்டாசு ஆலைகளில் போனஸ் பட்டுவாடா நடந்து, எண்ணெயும் மாவும் வெல்லமும் சில்லறைக் கடைகளில் நிற்காமல் போகிற வாரம் அது. அந்த வாரத்தில் கம்ப்யூட்டரைப் பற்றி யார் நினைப்பார்கள்? "தீபாவளி போகட்டும்" என்றோம். போனது. பிறகும் பலர் அப்படியே விட்டுவிட்டார்கள்.

அப்டேட் நின்றால் மெஷின் மறுநாளே நின்றுவிடாது. அதனால்தான் அலட்சியம் வருகிறது. கிட்டங்கியை வைத்து யோசித்துப் பார்ப்போம். கட்டடம் இருக்கிறது, பூட்டு இருக்கிறது, சரக்கும் இருக்கிறது. ஆனால் சுவரில் ஓட்டை விழுந்தால் பார்த்து அடைக்கும் ஆள் வேலையை விட்டு நின்றுவிட்டார். மாதாமாதம் வரும் அப்டேட் என்பது அந்த ஓட்டை அடைக்கிற வேலைதான். இனிமேல் விழுகிற ஓட்டை விழுந்தபடியே கிடக்கும்.

முகம் மாறியது பெரிதல்ல

புதியதான விண்டோஸ் 11, 2021 அக்டோபர் 5-ல் வெளிவந்தது. பலருக்கு அதன் முகமே பிடிக்கவில்லை. இடது மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தான் நடுவுக்கு வந்துவிட்டது. மவுஸின் வலது பொத்தானை அமுக்கினால் வரும் பட்டியல் சுருங்கிவிட்டது. எங்கள் கணக்குப்பிள்ளை அறுபதைத் தாண்டியவர். முதல் நாள், "ஸ்டார்ட்ட எங்கய்யா தூக்கி வச்சான்?" என்று கோபித்துக்கொண்டார். செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய் ஒரு இடத்தை மாற்றினால் எல்லாம் பழையபடி இடது பக்கம் வந்துவிடுகிறது. நான்காவது நாள் அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

முகத்தைக் கண்டு தயங்குவதில் தப்பில்லை. 2012-ல் வந்த விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பொத்தானையே எடுத்துவிட்டார்கள். ஊர் உலகமெல்லாம் திட்டியது. மறு வருஷம் 8.1-ல் பொத்தானைத் திருப்பி வைத்தார்கள். 2015-ல் பழைய மாதிரி மெனுவும் திரும்பி வந்தது. அப்போது பொறுத்திருந்து பார்த்தவர்கள் புத்திசாலிகள். 2020 நவம்பரில் டாலிபிரைம் வந்தபோதும், கைப்பழக்கத்தில் இருந்த கீ எல்லாம் மாறிவிட்டதே என்று நம் கணக்கர்கள் புலம்பினார்கள். இன்று அதில்தான் கண்ணை மூடிக்கொண்டு பதிகிறார்கள்.

எங்கள் தகப்பனார் சொல்வார்கள்: 1958-க்குப் பிறகு படிப்படியாகக் கிலோ வந்தபோது, வீசையும் பலமும் படியும் பழகிய கைகள் மிகவும் திண்டாடினவாம். ஒரு அட்டையில் இத்தனை பலத்துக்கு இத்தனை கிராம் என்று எழுதித் தராசுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு வியாபாரம் பார்த்தார்களாம். ஆகவே பழக்கம் என்பது தாண்டக்கூடிய சங்கடம்தான். இப்போது கேட்க வேண்டிய கேள்வி முகம் நன்றாக இருக்கிறதா என்பதல்ல. நம் கணக்குக்குக் காவல் இருக்கிறதா என்பதே.

நாங்கள் பட்ட பாடு

"நம்ம கம்ப்யூட்டர்ல திருட என்ன இருக்கு?" என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் கதையைச் சொல்கிறோம். வெட்கத்தை விட்டுத்தான் சொல்கிறோம்.

2019-ல், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். காலையில் கடை திறந்து மெஷினைப் போட்டால் கணக்கு திறக்கவில்லை. எல்லாக் கோப்பும் பூட்டிக் கிடந்தது. திறக்க வேண்டுமானால் பணம் அனுப்பு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம் மட்டும் திரையில் நின்றது. அதில் இருந்தது விண்டோஸ் 7. அதுவும் உரிமம் வாங்காத நகல். அப்டேட் வந்தால் நகல் என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று, மெஷினைப் போட்டுக் கொடுத்தவர் அப்டேட்டையே நிறுத்தி வைத்திருந்தார். தெரிந்தே சம்மதித்தது நாங்கள்தான். சில ஆயிரம் ரூபாய் மிச்சம் என்று அப்போது நினைத்தோம். பேக்கப் எடுக்கும் பென்டிரைவும் அந்த மெஷினிலேயே சொருகிக் கிடந்தது. அதையும் சேர்த்துப் பூட்டிவிட்டது.

எங்களுக்கு எச்சரிக்கை வராமல் இல்லை. 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்ற வைரஸ் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளில் இதே வேலையைச் செய்தது. இங்கிலாந்தில் அரசு ஆஸ்பத்திரிகளே நோயாளிகளைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் அதற்கு இரண்டு மாதம் முன்பே வந்திருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள். பேப்பரில் படித்தோம், அடுத்த பக்கம் திருப்பினோம்.

கேட்ட பணத்தை நாங்கள் அனுப்பவில்லை. மார்ச்சில் அச்செடுத்து வைத்த பேரேட்டையும், சாக்கில் கட்டிப் போட்டிருந்த பில் கார்பன் நகல்களையும், ரசீது அடிக்கட்டைகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் பெண்கள் உட்பட எல்லோரும் உட்கார்ந்து பதினோரு நாள் எழுதினோம். சில்லறைக் கடைக்காரர்களிடம் பாக்கி எவ்வளவு என்று கேட்டு ஆள் அனுப்பினோம். வெம்பக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் தம் நோட்டோடு பஸ் ஏறி வந்துவிட்டார். "உங்க கணக்குல எவ்வளவு இருக்கோ தெரியல அண்ணாச்சி, என் நோட்டுல நாப்பத்தி ரெண்டாயிரம் இருக்கு, எழுதிக்கிடுங்க" என்றார். அப்படிப்பட்டவர்கள்தான் அதிகம்.

ஆனால் ஒருவர், "நான் ஆவணியிலேயே தீர்த்துட்டேனே" என்றார். முப்பது வருஷமாக எங்களிடம் சரக்கு எடுத்தவர். எங்களிடம் அதற்கு ரசீது அடிக்கட்டை இல்லை. இரண்டு தடவை ஆள் அனுப்பினோம். மூன்றாவது தடவை கொஞ்சம் கடுமையாகவே பேசிவிட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் கேட்ட தொகையைக் கொடுத்து அனுப்பினார். தை மாதம் கிட்டங்கியைச் சுத்தம் செய்தபோது ஒரு ரசீதுப் புத்தகம் மூட்டைகளுக்கு அடியில் கிடைத்தது. அவர் சொன்னதுதான் சரி. பணத்தை எடுத்துக்கொண்டு நேரில் போய் மன்னிப்புக் கேட்டோம். உட்கார வைத்துக் காபி கொடுத்தார். பணத்தை எண்ணாமல் வாங்கி வைத்தார். சரக்கு மட்டும் இன்றுவரை வேறு கடையில்தான் எடுக்கிறார்.

அந்த வருஷத்து நஷ்டத்தை அடுத்த வருஷத்து வியாபாரம் ஈடுகட்டியது. இதை எதுவும் ஈடுகட்டவில்லை. மெஷினில் திருட என்ன இருக்கிறது என்றால், இதுதான் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

முதலில் கடையில் இருக்கும் மெஷின்களைப் பிரித்துப் பாருங்கள். எது வங்கிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தளத்தையும் தொடுகிறதோ, எதில் பேரேடு இருக்கிறதோ, அதைக் காவல் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பில் மட்டும் போடுகிற பழைய மெஷினை இன்டர்நெட் இணைப்பை எடுத்துவிட்டுத் தனியாக ஓட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து வரும் பென்டிரைவை மட்டும் அதில் சொருக விடாதீர்கள்.

உரிமம் உள்ள விண்டோஸ் 10 இருந்து, மெஷினும் தகுதியாக இருந்தால் 11-க்கு மாறப் பணம் கிடையாது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, 4 ஜி.பி. ராம், 64 ஜி.பி. இடம், இன்டெல் ஆனால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மைக்ரோசாப்டின் பி.சி. ஹெல்த் செக் என்ற இலவச மென்பொருளே மெஷினைப் பார்த்துச் சொல்லிவிடும். இது தெரியாமல், மாற்றிக் கொடுப்பதற்கென்று பெருந்தொகை கொடுத்து ஏமாறாதீர்கள்.

இங்கே கம்பெனியிடம் நமக்கு ஒரு மனக்குறை உண்டு. ஜி.எஸ்.டி. அமலான 2017 ஜூலையை ஒட்டி அவசர அவசரமாக வாங்கினோமே, அந்த மெஷின்கள் பெரும்பாலும் இந்தத் தகுதிக் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. எட்டாம் தலைமுறை சில்லு சந்தைக்கு வந்ததே அந்த வருஷக் கடைசியில்தான். பழுதே இல்லாத மெஷினைக் கழித்துக் கட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மனக்குறையைச் சொல்லிக்கொண்டே காவல் இல்லாமல் இருப்பது நமக்குத்தான் நஷ்டம். வீட்டு உபயோகக் கணினிகளுக்கு மைக்ரோசாப்ட் கணக்கு மூலம் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் தருவதாக அறிவித்தார்கள். நிறுவனங்களுக்கு என்றால் மெஷினுக்கு முதல் வருஷம் 61 டாலர், அதன் பின் வருஷா வருஷம் இரட்டிப்பு, மொத்தம் மூன்று வருஷம். பழைய மெஷினுக்கு அந்தப் பணத்தைக் கொட்டுவதைவிட, கணக்குக்கு மட்டும் ஒரு நல்ல மெஷினை வாங்குவது மேல். குறுக்கு வழியில் 11-ஐ ஏற்றித் தருகிறோம் என்பவர்களும் உண்டு. நகல் போட்டுப் பட்டவர்கள் என்ற முறையில் சொல்கிறோம், பேரேடு உள்ள மெஷினில் அந்த வேலை வேண்டாம்.

மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை சில. டாஸ் காலத்து பாக்ஸ்புரோ பில்லிங்கை இன்னும் வைத்திருப்பவர்கள் நம் மண்டிகளில் இருக்கிறார்கள். விண்டோஸ் 11-ல் அது நேரடியாக ஓடாது. அந்தப் பழைய கணக்கை முழுக்க அச்செடுத்தோ, வேறு வடிவில் மாற்றியோ வைத்துக்கொண்ட பிறகே கை வையுங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கை, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைச் சொருகும் அகன்ற வாய் புது மெஷின்களில் இருக்காது. அதற்கு மாற்றுக் கேபிள் வேண்டும். டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேலை செய்கிறதா என்று விற்பவர் கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பேக்கப். இரண்டு நகல் எடுங்கள். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். எடுத்ததும் மெஷினிலிருந்து கழற்றிவிடுங்கள். மாதம் ஒரு முறை அந்த நகல் திறக்கிறதா என்று வேறு மெஷினில் பாருங்கள். இதற்கு அரை மணி நேரம் ஆகும். எங்களுக்கு ஆன பதினோரு நாளோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். ஆடிப்பெருக்கன்று பட்டாசுக் கடைகளில் பூஜை போட்டது முதல் தீபாவளி வரை நம் பகுதியில் யாரும் மெஷினில் கை வைக்கக் கூடாது. மார்ச் கணக்கு முடிக்கிற நேரமும், ரிட்டர்ன் போடுகிற 11, 20 தேதிகளை ஒட்டிய நாட்களும் ஆகாது. தீபாவளி முடிந்து, ஆலைகள் ஓய்ந்து, சில்லறைக் கடைகள் சரக்கு எடுப்பது குறைகிற நாட்களே ஏற்றவை. அதுவரை தள்ளிப்போடுகிறவர்கள் பேக்கப்பை மட்டுமாவது இன்றே தொடங்கிவிடுங்கள். மாற்றிய பின் ஒரு வாரம் பில்லைக் கையிலும் எழுதி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டால் பயமில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். தனித்தனியாகப் போய் நிற்கிற சிறு கடைக்காரரை விற்பவர் எப்படியும் பேசிவிடுவார். சங்கமே நம்பகமான ஒரு பொறியாளரை அழைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை உறுப்பினர்களின் மெஷின்களைப் பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்ல வைக்கலாம். வாங்க வேண்டியவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து கேட்டால் விலையும் இறங்கும். பருப்பை மூட்டைக் கணக்கில் பேசி வாங்கத் தெரிந்த நமக்குக் கம்ப்யூட்டரைப் பேசி வாங்கத் தெரியாதா?

பேரேட்டில் உள்ள பாக்கி நம் பணம் மட்டுமல்ல, எதிரே இருக்கும் கடைக்காரரின் நாணயமும் அதில் இருக்கிறது. அதைத் தொலைக்க நமக்கு உரிமை இல்லை. ஆகவே மாறுங்கள், ஆனால் யோசித்து, நம் பருவம் பார்த்து, பேக்கப் எடுத்துவிட்டு மாறுங்கள்.